ஃபிளஷிங் கோயிலும் 1657-ஆம் ஆண்டுக் கையெழுத்துகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில், ஃபிளஷிங்கில் உள்ள பிள்ளையார் கோயிலைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் செய்தி வரும்போதெல்லாம் இங்கு வாழும் எங்களுக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஐ.நா. சபையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் போன்றோரின் முயற்சியால் 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்குக் கண்ட கோயில் அது. விழா, தேரோட்டம், கீழ்த்தள உணவகத்தின் தோசை என எல்லாம் எழுதப்படுகின்றன. அந்தக் கோயில் நிற்கும் தெருவின் வரலாறு மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

அத்தெருவின் பெயர் பவுன் தெரு. ஜான் பவுன் என்ற குடியேறி 1661 வாக்கில் கட்டிய மரவீடு, கோயிலிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், அதே தெருவில் இன்றும் இருக்கிறது. அன்று அது டச்சுக்காரர்களின் ஆட்சிப் பகுதி. ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட், டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை தவிர வேறெந்தச் சபையும் வெளிப்படையாகக் கூடி வழிபடக் கூடாதெனத் தடுத்ததோடு, குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினருக்கு வீட்டில் இடம் கொடுப்பவர்களுக்கும் அபராதம் விதித்தார். இதை எதிர்த்து 1657 டிசம்பர் 27 அன்று ஊர்மக்கள் சுமார் 30 பேர் ஒரு முறையீட்டில் கையெழுத்திட்டார்கள். எழுதத் தெரியாத சிலர் குறி மட்டும் இட்டார்கள். அவர்களில் எவரும் குவேக்கர் அல்லர் என்பதுதான் இதில் என்னை ஆழமாகத் தொடுகிறது. தமக்கு எந்த ஆதாயமும் இல்லாத ஒரு வழிபாட்டுக்காக அவர்கள் எழுதினார்கள். அன்பும் அமைதியும் சுதந்திரமும் யூதர்களுக்கும், முஸ்லிம்களான துருக்கியர்களுக்கும், எகிப்தியர்களுக்கும்கூட உரியவை என்று அந்த முறையீட்டிலேயே குறிப்பிட்டார்கள்.

பலன் உடனே கிடைக்கவில்லை. முறையீட்டை எழுதிய ஊர் எழுத்தர் எட்வர்ட் ஹார்ட் சிறையில் அடைக்கப்பட்டார். அச்சுறுத்தலுக்குப் பணிந்து மன்னிப்புக் கேட்டவர்களும் உண்டு. அதனால் அவர்கள் முதலில் காட்டிய துணிவு சிறுமைப்பட்டுவிடாது என்றே நான் கருதுகிறேன். 1662-இல் தம் வீட்டில் குவேக்கர்கள் கூட இடம் தந்த பவுன் கைதானார். அபராதம் கட்ட மறுத்ததால் நாடு கடத்தப்பட்டார். அவர் ஆம்ஸ்டர்டாமுக்கே சென்று, அப்பகுதியை நிர்வகித்த டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிடம் வாதாடினார். மக்களின் மனச்சான்றை வற்புறுத்த வேண்டாமென்று 1663-இல் கம்பெனி ஆளுநருக்கு எழுதியது. குடியேற்றம் குறைந்துவிடுமே என்ற வணிகக் கவலையும் அதில் இருந்தது. ஆனாலும் அந்தக் கதவைத் தட்டியவர்கள் எளிய ஊர்மக்களே. அவர்களின் முறையீடு, 1911-இல் நியூயார்க் மாநிலத் தலைநகரான ஆல்பனியில், மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் பற்றிய தீயில் ஓரங்கள் கருகியும், மாநில ஆவணக் காப்பகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் ஃபிளஷிங்கில் தத்தம் வழிபாட்டிடங்களை அமைத்தார்கள். முன்பே இருந்த யூதத் தொழுகைக் கூடத்தோடு குருத்துவாரா, பள்ளிவாசல், பௌத்த ஆலயங்கள், கொரியத் தேவாலயங்கள் என அனைத்தும் சில தெருக்களுக்குள் அடங்கிவிடுகின்றன. இதைக் காணும் நம்மவர்கள் அமெரிக்காவின் பெருந்தன்மை என்று பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் எனக்கு உடன்பாடில்லை. பிறர் வழிபாட்டுக்காகச் சிறை சென்றவர்கள் பெற்றுத்தந்த உரிமையைப் பெருந்தன்மை என்று சொன்னால், அதைக் காக்கும் பொறுப்பு நமக்கும் உண்டென்பது மறந்துபோகும்.

தீபாவளியை நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கு விடுமுறையாக்கும் சட்டம் 2023-இல் கையெழுத்தானபோது நாங்கள் இனிப்பு வழங்கிக் கொண்டாடினோம். இரண்டு ஈத் பெருநாள்களுக்கும் 2015-இலேயே விடுமுறை அறிவிக்கப்பட்டது. அதற்காக முஸ்லிம் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்துக்கொண்டிருந்தபோது நம்மில் எத்தனை பேர் அவர்களுக்கு ஆதரவாக ஒரு கடிதம் எழுதினோம்?

இந்நகரில் புதிதாக ஒரு பள்ளிவாசலோ குருத்துவாராவோ கட்ட அனுமதி கோரும்போது, வாகன நெரிசல், இரைச்சல் என்ற காரணங்களோடு எதிர்ப்பு வருவதுண்டு. நிலப் பயன்பாட்டு விதிகளிலிருந்து விலக்கு தேவைப்படும் விண்ணப்பங்களை வட்டாரச் சமூக வாரியம் விசாரிக்கும். அந்தக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். தங்கள் நாளிதழைப் படிக்கும் நியூயார்க் தமிழர்கள், தங்கள் கோயில் சம்பந்தப்படாத விசாரணைக்கும் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கிச் சென்று, ஆதரவாகப் பேசிவிட்டு வர வேண்டும் என்று தங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குயின்ஸ் வாசகர் ஒருவர்,
நியூயார்க்