ஜெரால்டுக்கு: உன் சம்பளத்துக்குக் கப்பலே பொறுப்பு

சவுத்தாம்ப்டன்

அன்புள்ள ஜெரால்டு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா மூட்டு ஆபரேஷன் முடிந்து கம்பு இல்லாமல் நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். கடைசிக் கப்பலில் ஐந்து மாதச் சம்பளம் வராமலே இறங்கி வந்ததை ஒரே வரியில் எழுதிவிட்டு, வீட்டுக்கு வெள்ளையடித்த கதைக்குப் போய்விட்டாய். எனக்கு அந்த வரியிலேயே மனம் நின்றுவிட்டது. அதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

"இத்தனை வருஷம் கிளியரிங் ஆபீஸ்ல பார்க்காததையா யுனிவர்சிட்டியில சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டிருந்தாய். ஆமாம் ஜெரால்டு, நிஜமாகவே சொல்லித் தருகிறார்கள். சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீதான பி.எல்., தூத்துக்குடியில் நான் கையாண்டது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் கப்பல் பெயர், கன்டெய்னர் நம்பர், சீல் நம்பர், எடை, எல்லாமே முன்பக்கத்தோடு முடிந்துவிடும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நெருக்கியடித்த ஷரத்துகளை ஆபீஸில் யாரும் படித்ததில்லை. இங்கே கப்பல் சட்டப் படிப்பில் முதல் பருவம் முழுக்க அந்தப் பின்பக்கம்தான். 1924இல் பிரஸ்ஸல்ஸில் உருவான ஹேக் விதிகளின்படி, கப்பலைச் செலுத்துவதில் கேப்டன் தவறு செய்து சரக்கு நாசமானால், கப்பல் கம்பெனி நஷ்டஈடு தரவேண்டியதில்லை! நூறு வருஷம் கழித்தும் உலகச் சரக்கில் பெரும்பங்கு அந்த விதிகளிலும் அவற்றின் திருத்தத்திலும்தான் ஓடுகிறது. நம் நாட்டில் 1925ஆம் வருஷத்துச் சட்டத்தை எடுத்துவிட்டு 2025இல் புதுச்சட்டம் கொண்டுவந்தார்கள். அதிலும் இந்த விலக்கு அப்படியே இருக்கிறது.

இன்னொரு கணக்கு சொல்கிறேன். சரக்கு தொலைந்தால் கம்பெனி தரவேண்டிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. அதை ஐ.எம்.எஃப். கணக்கிடும் எஸ்.டி.ஆர். என்ற அலகில் சொல்வார்கள். கடலில் கிலோவுக்கு 2 அல்லது பொதிக்கு 666.67, எது அதிகமோ அது. ஐரோப்பாவுக்குள் நாடு விட்டு நாடு போகும் லாரியில் கிலோவுக்கு 8.33. ரயிலில் 17. விமானத்தில் 2024 டிசம்பர் கடைசியிலிருந்து 26. ஒரே கன்டெய்னர் பெட்டிதான் லாரி, ரயில், கப்பல் எல்லாம் ஏறி இறங்கி வருகிறது. சீல் உடையாமல் வந்த பெட்டியைக் குடோனில் திறந்தால் சரக்கு நொறுங்கிக் கிடக்கிறது. எந்த இடத்தில் நொறுங்கியது என்று தெரிந்தால்தானே எந்தக் கணக்கு என்று தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. ஆய்வுக்கட்டுரையும் இதில்தான் எழுதப்போகிறேன்.

ஆனால் என்னை உலுக்கியது வேறு. இந்த ஊர் நடுவே ஹோலிரூட் என்றொரு பழைய தேவாலயம் இருக்கிறது. 1940 குண்டுவீச்சில் இடிந்ததை அப்படியே விட்டு, வணிகக் கப்பல் மாலுமிகளின் நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே டைட்டானிக்கில் இறந்த பணியாளர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம். அந்தக் கப்பலில் இறந்தவர்களில் இந்த ஊர்க்காரர்கள் மட்டும் 500 பேருக்கு மேல். கரி அள்ளிப் போட்டவர்கள், பரிமாறியவர்கள், உன் மாதிரி டெக்கில் நின்றவர்கள். 1912 ஏப்ரல் 15 அதிகாலை கப்பல் மூழ்கியதோடு அவர்கள் சம்பளமும் நின்றுபோனது. கம்பெனி தானாகச் செய்ததல்ல, கப்பல் போனால் சம்பளம் போச்சு என்பதுதான் அன்றைய இங்கிலாந்துச் சட்டம். முதலாளிகளோ அமெரிக்க நீதிமன்றத்தில், மிஞ்சிய உயிர்காப்புப் படகுகளையும் பயணக் கட்டணத்தையும் கணக்குப் போட்டு, சுமார் 92,000 டாலருக்கு மேல் தங்கள் பொறுப்பு இல்லை என்று வாதாடினார்கள். கடைசியில் 664,000 டாலருக்குச் சமரசமானது. 1920இல் ஜெனோவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடுதான், கப்பல் மூழ்கினாலும் மாலுமிக்கு வேலையிழப்பு ஈடு தரவேண்டும் என்று சொன்னது. அதையும் 2 மாதச் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இடம் விட்டார்கள். அந்த விதியை வகுப்பில் படித்த அன்று உன் முகம்தான் கண்முன் வந்தது.

சரி, உன் விஷயம். மாலுமியின் சம்பளப் பாக்கி கப்பலின் மேலேயே ஏறி நிற்கும் கடன். கப்பல் வழக்குகளுக்கான நம் 2017ஆம் வருஷ அட்மிரால்டி சட்டத்தில், அப்படிப்பட்ட கடன்களின் வரிசையில் முதல் இடம் சம்பளத்துக்குத்தான். ஊருக்குத் திரும்பும் செலவும் அதில் சேரும். கப்பலை அடமானம் பிடித்த வங்கிகூட உனக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். முதலாளி கப்பலை வேறொருவனுக்கு விற்றாலும் உன் உரிமை கப்பலோடு போகும். பெயரை மாற்றுவான், கொடியை மாற்றுவான், ஆனால் கப்பலின் அடையாள எண்ணான ஏழு இலக்க ஐ.எம்.ஓ. நம்பரை மாற்ற முடியாது. அதை இப்போதே குறித்து வை.

முதலாளிக்கு இந்தியாவில் ஆபீஸே இல்லையே என்று யோசிக்காதே. 1984இல் எம்.வி. எலிசபெத் என்ற வெளிநாட்டுக் கப்பல், பி.எல். கொடுக்காமலே மர்மகோவாவிலிருந்து சரக்கோடு புறப்பட்டுப் போனது. பிறகு விசாகப்பட்டினம் வந்தபோது ஆந்திர உயர்நீதிமன்றம் அதை அரெஸ்ட் செய்தது. அந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1992இல் தீர்ப்புச் சொன்னது. உன் கப்பல் தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ வந்தால் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் கப்பலின் பெயரிலேயே வழக்குப் போடலாம். வாரண்டைக் கப்பலிலேயே கொண்டுபோய் ஒட்டுவார்கள். அதன்பிறகு கோர்ட் விடாமல் கப்பல் நகராது.

ஆனால் இந்த உரிமைக்கு ஆயுள் 2 வருஷம்தான், ஒவ்வொரு மாதச் சம்பளமும் வரவேண்டிய தேதியிலிருந்து. நாளைக் கடத்தாதே. "பாக்கி எதுவும் இல்லை" என்று ஏஜென்ட் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. அப்புறம், 2017 ஜனவரியிலிருந்து கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைக்கு உட்பட்ட கப்பல்களில், பணியாளர்களைக் கைவிட்டால் ஈடுகட்ட ஒரு காப்புச் சான்றிதழ் பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். மெஸ் ரூம் பக்கத்து போர்டில் பார்த்திருப்பாய். 2 மாதமாவது சம்பளம் தராமல் போட்டிருந்தால் அதுவும் கைவிட்டதாகச் சேரலாம். அப்படிச் சேர்ந்தால் 4 மாதச் சம்பளம் வரை அந்தக் காப்பீட்டாளரிடமே கேட்கலாம். யாராவது அதை போனில் படம் எடுத்திருந்தால் வாங்கி அனுப்பு.

உன் மாலுமிப் புத்தகமான சி.டி.சி.யில் கப்பல் ஏறிய, இறங்கிய தேதி போட்ட சைன் ஆன், சைன் ஆஃப் பக்கங்கள், ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இந்த வாரமே அனுப்பு. கூட இறங்கிய மற்றவர்களுக்கும் சொல், சேர்ந்து போனால் செலவு குறையும். சென்னையில் கப்பல் வழக்கு மட்டுமே பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறேன், காகிதம் கையில் வந்ததும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
செல்வம்