ரிச்லண்ட் கவுன்டி 40 ஏக்கரும் முதல் மான் பருவமும்: கை கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

விஸ்கான்சின் மாநிலம் ரிச்லண்ட் கவுன்டியில் 40 ஏக்கர் காடு எங்கள் குடும்பத்தின் பெயருக்கு வந்து, அங்கே முதல் மான் வேட்டைப் பருவமும் நல்லபடியாக முடிந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. உறைபெட்டியில் கறி இருக்கிறது. இதற்குக் காரணமான அக்கம்பக்கத்தாருக்கு ஆங்கிலத்தில் தனித்தனியே கடிதம் எழுதிவிட்டோம். நீங்கள் கற்றுக்கொடுத்தது, இதே யோசனையில் இருக்கும் நம் குடும்பங்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதால்தான் தமிழிலும் எழுதுகிறோம்.

முதல் நன்றி, பத்திரத்தைப் படித்துச் சொன்ன வழக்கறிஞர் தம்பிக்கும் எல்லைக்கல் தேடித் தந்த சர்வேயர் ஐயாவுக்கும். வேலிதான் எல்லை என்று நம்பிவிடாதீர்கள் என்பது சர்வேயர் சொன்ன முதல் பாடம். பழைய பண்ணை வேலிகளை மாடு மேய்க்கும் வசதிக்குத்தான் போட்டார்கள். அவை எல்லையிலிருந்து பல அடி தள்ளியும் ஓடும். மூலைகளில் புதைந்திருக்கும் இரும்புக் குழாயை உலோகங்காட்டிக் கருவியால் கண்டுபிடித்து, பக்கத்தில் உயரமான கம்பு நட்டு வர்ணம் அடித்துவிட வேண்டும். 40 ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 1,320 அடி, அதாவது சரியாகக் கால் மைல். ரைஃபிள் தோட்டா ஒரு மைலையும் தாண்டிப் போகும். ‘நம்ம நிலத்துக்குள்ளதானே சுடுறோம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

பத்திரத்தில் இன்னொன்றையும் தம்பி பார்க்கச் சொன்னார். அந்த மாநிலத்தில் ‘மேனேஜ்ட் ஃபாரஸ்ட் லா’ என்ற திட்டத்தில் சேர்த்த காட்டுக்கு நிலவரி குறைவு. ஆனால் ‘திறந்த’ நிலம் என்று பதிவாகியிருந்தால் பொதுமக்கள் வேட்டைக்கும் நடைக்கும் உள்ளே வரலாம். வாங்கிய பிறகு, பருவத்தின் முதல் நாள் காலையில் அதைத் தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் உண்டு. கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். பாதை உரிமை எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்து வயல் வழியாகப் போகும் மண் தடம் வாய்மொழி அனுமதியாகவே இருக்கலாம்.

விசா பற்றி அவர் சொன்னதையும் இங்கே எழுதியாக வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் இருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. பச்சை அட்டை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. நண்பரின் துப்பாக்கியை ‘சும்மா பிடித்துப் பார்க்கும்’ முன்பே இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பயிற்சி வகுப்பில் கையாள்வது பற்றியும் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுத்த தன்னார்வ ஆசிரியர்களே, உங்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவருக்கு அந்த மாநிலத்தில் இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் வழக்கமான உரிமம் கிடைக்கும். சான்றிதழ் இல்லாதவர் வழிகாட்டியோடு வேட்டையாடலாம், ஆனால் வழிகாட்டி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். நீங்கள் மனப்பாடம் செய்ய வைத்த நான்கு விதிகளைப் பிள்ளைகள் இப்போது சமையலறையில்கூடச் சொல்கிறார்கள்: எந்தத் துப்பாக்கியும் குண்டு போட்டது என்றே எண்ணு, குழல்வாய் எப்போதும் ஆபத்தில்லாத பக்கமே பார்க்கட்டும், இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன என்று உறுதியாகத் தெரிந்துகொள், சுடும் கணம் வரை விரலை விசைக்காப்புக்கு வெளியே வை. அந்த மலைச்சரிவில் மூன்றாவது விதிக்கு ஒரே அர்த்தம்தான். முகட்டின் மேல் வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும் மானைச் சுடக் கூடாது. பின்னால் மண் இருந்தால் மட்டுமே சுட வேண்டும். பரண்களைச் சரிவை நோக்கிக் கீழ்ப்பார்வையாக அமைத்ததே இதற்காகத்தான்.

துப்பாக்கியைச் சரிபார்த்துத் தந்த அண்ணா! பிள்ளைகளுக்கு .243 காலிபர் ரைஃபிள் போதும், பின்னுதைப்புக் குறைவு, 100 கிரெயின் (சுமார் 6.5 கிராம்) எடைத் தோட்டா வெள்ளைவால் மானுக்குத் தாராளம் என்றீர்கள். நூற்றுக்கு நூறு சரி. உதைக்கு அஞ்சும் பிள்ளை விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடும், குறி தவறும், மான் காயத்தோடு ஓடும். ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை)ப் பிடித்திருக்கும் திருகுகள் தளர்ந்திருந்தால் எத்தனை முறை குறி சரிசெய்தாலும் குண்டுகள் சிதறும். அதனால் முதலில் திருகுகளை முறுக்க அளவுக் கருவியால் இறுக்கிவிட்டு, பிறகு 25 கெஜம், பிறகு 100 கெஜம். மூன்று மூன்று குண்டாகச் சுட்டு, குழல் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான குழலில் சுட்ட குண்டுகள் விழுந்த இடத்தை நம்பி ஸ்கோப்பைத் திருப்பினால் பருவத்தன்று குளிர்ந்த குழலின் முதல் குண்டு வேறிடத்தில் விழும்.

ஈயத்துக்குப் பதில் செம்புத் தோட்டா வாங்கச் சொன்னதும் நீங்கள்தான். ஈயம் மானின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சிதறி, காயத்திலிருந்து வெகுதூரம் வரை கறியில் கலந்துவிடும். கொத்துக்கறியில் அது யார் தட்டுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் விலை வித்தியாசத்தைப் பார்க்க வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

பரண் கட்ட இரண்டு சனிக்கிழமைகளைக் கொடுத்த பக்கத்துப் பால்பண்ணைக்காரக் குடும்பத்துக்கு நன்றி. எந்த மரத்தில் கட்டக் கூடாது என்று நீங்கள் காட்டியது எங்கள் உயிரைக் காத்தது. அந்தக் காட்டில் ஆஷ் மரங்கள் வரிசையாகச் செத்து நிற்கின்றன. மரகதப் பச்சை வண்டின் புழு பட்டைக்கு அடியில் தின்று, நீரோட்டத்தை அறுத்துவிடுகிறது. பட்டையில் ஒரு பக்கம் தட்டையான, அரைவட்டத் துளைகள் தெரிந்தால் அதுதான். செத்த ஆஷ் காற்றில்லாத நாளிலும் கிளையை உதிர்க்கும். அதில் பரண் கட்டுவதோ அதன் அடியில் உட்காருவதோ கூடாது. உயிருள்ள, நேரான ஓக் நல்லது. ஆனால் பார்வைக்கு வழிவிட ஓக் கிளையை ஏப்ரல் முதல் ஜூலை வரை வெட்டக் கூடாது. பச்சைக் காயத்துக்கு வரும் வண்டுகள் ஓக் வாடல் நோயைக் கொண்டுவந்துவிடும். வெட்டுவதைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

15 அடி ஏணிப் பரணுக்கு மூன்று பேர் வேண்டும். இருவர் ஏணியைப் பிடிக்க, ஒருவர் மேலே வாரை இறுக்க வேண்டும். மேல் வார் இறுகும்வரைதான் ஆபத்து அதிகம். போன வருட ராட்செட் வாரை நம்பாதீர்கள். மரம் பருத்து அதை இழுத்திருக்கும், வெயில் நூலைப் பொடித்திருக்கும். பருவம் முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். விழுபவர்களில் பலர் உட்கார்ந்திருக்கும்போது விழுவதில்லை, ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுகிறார்கள். அதனால் தரையிலிருந்து மேல்வரை ஒரு உயிர்க்கயிறு, அதில் கையால் நகர்த்தினால் நழுவி, எடை விழுந்தால் இறுகும் புரூசிக் முடிச்சு, அதில் முழு உடல் கச்சை. விழுந்து கச்சையில் தொங்கினால் தொடையில் இரத்தம் தேங்கி நிமிடங்களிலேயே மயக்கம் வரும். கால் ஊன்றும் வார் பையின் அடியில் கிடக்காமல் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். துப்பாக்கி குண்டில்லாமல் தனிக் கயிற்றில் மேலே வர வேண்டும்.

காற்றைப் பற்றி ஒரு பெரியவர் சொன்னது தனி வித்தை. நவம்பரில் குளிர் அலை வந்த பின் அங்கே பெரும்பாலும் வடமேற்குக் காற்று. ஆனால் மலைச்சரிவில் இன்னொரு காற்றும் உண்டு. விடியுமுன் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி வழியும். வெயில் ஏறியதும் அதுவே சரிவில் மேலேறும். அந்தி சாய்ந்ததும் மறுபடி இறங்கும். வெயில் ஏறுமுன் பள்ளத்துக்கு மேலே உட்கார்ந்தால் உங்கள் வாடை முழுவதும் கீழே படுத்திருக்கும் மானுக்குப் போய்விடும். எருக்களைச் செடிப் பஞ்சு மாதிரி, அங்கே வளரும் மில்க்வீட் காயின் பஞ்சு ஒன்றைக் காற்றில் விட்டால் அது போகும் வழி அப்படியே கண்ணில் தெரியும். பத்து கெஜம் நேராகப் போய், திடீரென்று கீழே முங்கித் திரும்பி வரும். எந்தக் கருவியும் இதைக் காட்டாது.

நிலத்தின் நடுப்பகுதிக்குள் கால் வைக்க வேண்டாம் என்றதும் அவரே. புது நிலம் வாங்கியவர் ஆசையில் வாரம் தவறாமல் எல்லா மூலையும் நடந்து பார்ப்பார். மான் அதைக் கணக்கு வைத்துக்கொண்டு பக்கத்து நிலத்துக்குப் படுக்கையை மாற்றிவிடும். நடக்க வேண்டியது பனி கரையும் மார்ச்சில். போன பருவத்துத் தடம், கொம்பு உரசிய மரம், படுக்கைக் குழி எல்லாம் அப்போது வெட்டவெளிச்சமாகத் தெரியும். கோடையில் உண்ணி மொய்க்கும், போதாததற்குக் காட்டுப் பார்ஸ்னிப் செடியின் சாறு பட்ட தோல் வெயிலில் வெந்துபோகும்.

பருவம் நன்றியறிதல் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். இடுப்புக்கு மேல் வெளியாடையில் பாதிக்குக் குறையாமல் ஒளிரும் ஆரஞ்சு அல்லது ஒளிரும் இளஞ்சிவப்பு இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் குளிர் தாங்க நீங்கள் சொன்ன வழியும் எளிது: நடக்கும்போது மேல்கோட்டைப் போடாதே, பரணில் ஏறி வியர்வை ஆறியபின் போடு.

சுட்ட பிறகு என்ன செய்வது என்று நீங்கள் காட்டியதைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறோம். குறி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும் அல்லது சற்று அப்பால் திரும்பியிருக்க வேண்டும். சுட்டதும் இறங்கி ஓடாதே, அரை மணி நேரம் உட்கார். பிறகு மான் நின்ற இடத்தைப் பார். நுரையோடு இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல், மான் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், சில மணி நேரம் பொறு. பச்சையோ பழுப்போ கலந்து சாண வாடை வந்தால் குடல், ஆறு எட்டு மணி நேரம் கிட்டப் போகாதே. துரத்தினால் அது எழுந்து மைல் கணக்கில் போய்விடும். ஒவ்வொரு துளிக்கும் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு வைத்துக்கொண்டே போனால், தடம் தொலையும் இடத்தில் திரும்பிப் பார்த்தால் போன திசை கோடாகத் தெரியும். எல்லை தாண்டிப் போயிருந்தால் துப்பாக்கியை வைத்துவிட்டு அடுத்த நிலத்துக்காரரிடம் அனுமதி கேள். நான்கு பக்கத்து வீட்டாரின் எண்ணையும் பருவத்துக்கு முன்பே வாங்கிவைக்கச் சொன்னது இதற்காகத்தான் என்று இப்போது புரிகிறது.

வயிற்றைத் திறக்கும் முறையை அக்கா கைப்பிடித்துக் காட்டினார்கள். கையுறை போட்டு, தலை மேட்டுப்பக்கம் இருக்க மல்லாத்த வேண்டும். ஆசனவாயைச் சுற்றி அறுத்துக் கட்டிவிட வேண்டும். இரண்டு விரல்களை வி வடிவில் தோலுக்கு அடியில் விட்டு, கத்தியின் கூர் மேல்நோக்க, விரல்களுக்கு நடுவே நெஞ்செலும்பு வரை மெல்லத் திறக்க வேண்டும். கத்தி கீழ்நோக்கினால் இரைப்பை கிழியும், கறி கெடும். பிறகு உதரவிதானத்தை விலாவோரமாக அறுத்து, முழங்கை வரை உள்ளே விட்டு மூச்சுக்குழாயை உயரே வெட்டி இழுத்தால் எல்லாம் ஒரே கொத்தாக வரும். நெஞ்சைக் குச்சியால் விரித்து வைத்தால் சூடு இறங்கும். கறி 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே சீக்கிரம் போக வேண்டும். வெயில் நாளானால் உள்ளே பனிக்கட்டிப் பைகளைத் திணிக்க வேண்டும். மானை எடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் தொலைபேசியிலோ இணையத்திலோ பதிவுசெய்வதும் மறக்கக் கூடாது.

அந்தப் பகுதியில் சி.டபிள்யூ.டி என்னும் நாள்பட்ட மெலிவு நோய் உண்டு. விஸ்கான்சினில் 2002இல் முதலில் தெரியவந்தது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. ஆனால் நோயுள்ள மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்றே பொதுச் சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள், நோயை உண்டாக்கும் புரதம் சமைத்தாலும் அழியாது. கழுத்தில் நாலைந்து அங்குலத்தோடு தலையைப் பரிசோதனைப் பெட்டியில் போட்டு, சீட்டிலுள்ள எண்ணையே ஒவ்வொரு கறிப் பொட்டலத்திலும் எழுத வேண்டும். முதுகெலும்பை அறுக்காமல் கறியை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அங்கே தீவனம் கொட்டி மானை ஈர்ப்பதும் தடை. ஒரே குவியலில் வாய் வைத்தால் நோய் பரவும்.

கறி வெட்ட இடமும் மேசையும் தந்த குடும்பத்துக்கு ஒரு வார்த்தை. குடல் நீக்கி 100 பவுண்டு இருந்த மானில் 40 முதல் 50 பவுண்டு எலும்பில்லாக் கறி தேறும். மான்கொழுப்பு மெழுகு போல நாக்கில் ஒட்டும், வெள்ளிச் சவ்வோடு சேர்த்து முழுக்க நீக்க வேண்டும். முதுகுக்கறியைப் பெருஞ்சீரகமும் மிளகும் போட்டுச் சட்டென்று வதக்கி இறக்கிவிட வேண்டும், ஆட்டுக்கறி மாதிரி வேகவிட்டால் கட்டையாகும். கால்கறிதான் குக்கருக்கு.

ஊரில் இருக்கும் உறவுகளுக்கு: இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே எழுதியது எல்லாம் உரிமமும் அனுமதிச் சீட்டும் தந்து மாநிலமே நடத்தும் பருவத்துக்கு மட்டும் பொருந்தும்.

பரிசோதனை முடிவு ‘நோய் இல்லை’ என்று வந்துவிட்டது. உங்கள் ஒவ்வொருவர் பங்கும் எண் எழுதி, பெயர் எழுதி, கட்டி வைத்திருக்கிறோம். மார்ச்சில் எல்லை நடக்கும்போது வாருங்கள். கேட் பூட்டின் எண் உங்களுக்குத் தெரியும்.

அன்புடனும் நன்றியுடனும்,
புது நிலத்துக் குடும்பத்தார்