பாய்லர் ஓட்டையானதுக்கு எங்க விறகு காரணம் இல்லைங்க

பெறுநர்: சர்வீஸ் மேனேஜர் அவர்கள்
பொருள்: ஏற்காட்டுல எங்க வீட்டுக்கு நீங்க மாட்டிக் கொடுத்த விறகு பாய்லர் ஒழுகுறது, வாரண்டி கிடையாதுன்னு சொன்னது சம்பந்தமா

சார் வணக்கம்,

நீங்க அனுப்புன மெயில் பாத்தேன். ஈர விறகு போட்டிருக்கீங்க, ஒழுங்கா சுத்தம் பண்ணல, அதனால வாரண்டில வராதுன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. அந்த ஒரு வரிக்கு பதில் சொல்லத்தான் இவ்வளவு பெருசா எழுதுறேன், தயவு செஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

மொதல்ல விறகு. நாங்க எரிக்கிறது எங்க தோட்டத்துல நிழல் மரத்த கழிக்கும்போது விழற சில்வர் ஓக் கிளையும், காபி செடி கவாத்து பண்ணும்போது வர்ற கட்டையும்தான். அத பொளந்து, தரையில படாம கல்லு மேல கம்பு போட்டு, மேல ஷீட் போட்ட ஷெட்டுல அடுக்கி, ஒரு மழைக்காலம் ஒரு வெயில் காலம் முழுசா கழிஞ்சதுக்கு அப்புறம்தான் எடுப்போம். மஞ்சக்குட்டை பக்கம் மஞ்சு எறங்குனா துணியே நாள் கணக்கா காயாது, அதனால விறகு விஷயத்துல இங்க யாரும் அசால்ட்டா இருக்க மாட்டாங்க. கட்டையோட முனை வெடிச்சிருக்கும், ரெண்ட ஒண்ணோட ஒண்ணு தட்டினா டக்குனு கேக்கும். ஈரம் 20 சதவீதத்துக்கு கீழ இருக்கணும்னு உங்க புக்குலயே போட்டிருக்கு, காய்ஞ்ச விறகுன்னா அதுதான்.

உங்க டெக்னீஷியன் தம்பி போட்டோ எடுத்தது ஷெட்டுல இருந்த விறக இல்ல சார். வெளிய வேலி ஓரமா, அடுத்த வருஷத்துக்குன்னு வெட்டிப் போட்டிருந்த பச்சைக் கட்டைய. அது அடுத்த வருஷத்துதுப்பான்னு எங்கம்மா சொல்லச் சொல்ல, சரிங்கம்மா சரிங்கம்மான்னு தலையாட்டிட்டு அதையே ரிப்போர்ட்ல ஒட்டிட்டாரு. பின்பக்க மூடிய கழட்டி உள்ள புகை போற டியூப் எப்படி இருக்குன்னு பாக்கக்கூட இல்ல. செல்போன் டார்ச்ச கதவுக்குள்ள காட்டினாரு, கெளம்பிட்டாரு.

சுத்தம் பண்ணலன்னு எழுதினதுதான் எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா போச்சு. வாரா வாரம் சாம்பல் அள்ளுறோம், அதுவும் மூலையில ஒட்டிட்டு இருக்கறதையும் சொரண்டி எடுத்து. சாம்பல் ஈரத்தோட மூலையில கெடந்தா தகட்ட அரிக்கும்னு எங்களுக்கும் தெரியும். உள்ள கங்கு ரெண்டு மூணு நாள் கூட அணையாம இருக்கும்ங்கறதால மூடி போட்ட தகர டின்லதான் கொட்டி வைப்போம், நல்லா ஆறுனதுக்கு அப்புறம் வாழைக்கு போடுவோம். மாசா மாசம் கம்பி பிரஷ் விட்டு டியூப் தேய்க்கிறதும், சிம்னி தட்டுறதும் நான்தான் பண்றேன். சிம்னி ஜாயின்ட்ல தார் மாதிரி கருப்பா பளபளன்னு ஒழுகி காஞ்சிருந்தத காட்டி ஈர விறகுக்கு இதுவே சாட்சின்னு சொல்றீங்க. அது கிரியோசோட், புகை படிஞ்சு வர்ற தார். ஈர விறகுல மட்டும் வர்றது இல்லைங்க, காய்ஞ்ச விறகா இருந்தாலும் காத்து அடைச்சு மணிக்கணக்கா புகைஞ்சுட்டே கெடந்தா வரும். மூணு பேரு இருக்கற வீட்டுக்கு, ரெண்டு பாத்ரூமுக்கும் அம்மா ரூம சூடாக்கற ரேடியேட்டருக்கும், இவ்வளவு பெரிய மாடல் எதுக்குன்னு நான் அப்பவே கேட்டேன், பெருசா இருந்தா நல்லதுதான் சார்னு உங்க சேல்ஸ்மேன் சொன்னாரு. இப்ப தண்ணி சீக்கிரமே சூடாகி காத்து நின்னுடறதால அது பாதி நாள் எரியாம புகைஞ்சுட்டு மட்டும்தான் இருக்கு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நீங்க கன்ட்ரோலர்ல, தண்ணி எவ்வளவு சூடானா ப்ளோயர் (காத்து ஊதுற ஃபேன்) நிக்கணும்ங்கற கட் ஆஃப 92 டிகிரின்னு வச்சு லாக் பண்ணிட்டு போயிருக்கீங்க. சேலத்துலயோ கோயம்புத்தூர்லயோ வேணா அது ஓடும். ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், இங்க காத்தழுத்தம் கம்மி, தண்ணி 100ல கொதிக்காது, 95 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிரும். 92ல ப்ளோயர் நின்னாலும் உள்ள இருக்கற கங்கு சும்மா இருக்குமா, அது இன்னும் மூணு நாலு டிகிரி ஏத்திவிடும். அதோட கதவுல காத்து போகாம அடைக்கிற கேஸ்கெட் கயிறு கெட்டிப்பட்டு போச்சு. ஒரு பேப்பர கதவுல வச்சு மூடி இழுத்துப் பாத்தேன், சர்ருனு வழுக்கிட்டு வந்துருச்சு, அந்த சந்து வழியா காத்து போய்ட்டே இருந்தா நெருப்பு எப்படி அடங்கும்? புது கேஸ்கெட் அனுப்புங்கன்னு எழுதிக் கேட்டது உங்க மெயில்லயே இருக்கும் தேடிப் பாருங்க. வரவே இல்ல. டெம்பரேச்சர 80க்கு கொறைங்க, இல்ல பாஸ்வேர்டாவது குடுங்க நான் கொறைச்சுக்கறேன்னு கேட்டதுக்கும் பதில் இல்ல.

இது பிரஷர் பாய்லர் இல்ல, மேல தொறந்த வென்ட் இருக்கற டைப். கொதிச்சா ஆவி வெளிய போய்ரும், தண்ணி மட்டம் எறங்கும், நாங்க போர் தண்ணிய ஊத்துவோம், ஊத்தாம விட்டா தகடு எரிஞ்சு போகும்ல. ஒவ்வொரு தடவை புதுத் தண்ணி போகும்போதும் அதோட உப்பும் போகுது, ஆக்சிஜனும் போகுது, நீங்க மொதல்ல கலந்து விட்ட துரு தடுக்கற மருந்தும் நீர்த்துப் போகுது. ஏஎம்சில, அதாவது வருஷ பராமரிப்பு ஒப்பந்தத்துல, ஒவ்வொரு சர்வீசுக்கும் தண்ணிய டெஸ்ட் பண்ணி மருந்து சேக்கணும்னு எழுதியிருக்கு. டெஸ்ட் ஸ்ட்ரிப்புன்னு ஒண்ண உங்க ஆளுங்க கையில நான் பாத்ததே கெடையாது. சேலத்துலேர்ந்து எனக்கு தெரிஞ்ச வெல்டர் ஒருத்தர கூட்டிட்டு வந்து காட்டினேன், வாரண்டி போய்ரும்னு எதையும் கழட்டவோ வெல்டு பண்ணவோ விடல, பாக்க மட்டும்தான் சொன்னேன். மேல இருக்கற ஹோல் வழியா கைய விட்டு உப்பு படிஞ்ச ஒரு பொறுக்கு எடுத்துக் காட்டினாரு சார், நகம் தடிமனுக்கு வெள்ளையா, ஓடு மாதிரி இருந்துச்சு, ஒரு பக்கம் துரு கலர். அத ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கேன், வர்றவங்க பாத்துக்கலாம்.

ஒழுகுற எடம் எதுன்னு உங்க ரிப்போர்ட்ல இல்ல. நானே சொல்றேன். அடுப்புக்கு மேல் தகடு, பின்பக்க வெல்டு, அதாவது மட்டம் எறங்குனா மொதல்ல தண்ணி இல்லாம காயற எடம். தகடு அங்க லேசா கீழ வளைஞ்சிருக்கு, கைய வச்சாலே தெரியும். அங்கேர்ந்துதான் தண்ணி சொட்டி கீழ சாம்பல்ல விழுது. ஈரச் சாம்பல் தகட்ட அரிச்சுதான் ஓட்டை விழுந்துச்சுன்னா ஓட்டை அடியிலதானே விழுந்திருக்கணும்? மேல ஓட்டை விழுந்ததாலதான் சாம்பல் ஈரமாச்சு. நீங்க தலைகீழா சொல்றீங்க.

எங்கம்மாவுக்கு வீசிங் இருக்கு. சாயங்காலம் மஞ்சு எறங்குனா புகை மேல போகாம கீழயே படுத்துக்கும், நீங்க வச்ச சிம்னியோ எங்க கூரைக்கும் கீழ நிக்குது, புகை நேரா அவங்க ஜன்னலுக்கு வருது. குளிருக்கு இதமா இருக்கட்டும்னு அவங்களுக்காக வாங்குன பொருள் சார் இது, இப்ப அவங்க ஜன்னல தொறக்கறதே இல்ல.

நான் கேக்கறது இதுதான். மேல் தகட்ட வாரண்டிலயே மாத்திக் கொடுங்க, முடியாதுன்னா வேற பாய்லர் குடுங்க, சின்ன மாடலா. கன்ட்ரோலர எங்க உயரத்துக்கு தகுந்த மாதிரி 80க்கு வச்சுட்டு பாஸ்வேர்ட எழுதிக் குடுங்க. கேஸ்கெட், தண்ணி மருந்து, டெஸ்ட் ஸ்ட்ரிப் மூணும் கொண்டு வாங்க. சிம்னிய கூரைக்கு மேல ஏத்துங்க. அந்த ஈர விறகு ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கிட்டு, பாய்லர திறந்து பாத்து புது ரிப்போர்ட் எழுதுங்க. மெயின்டனன்ஸ் புக்க தமிழ்ல குடுத்தா இங்க வேலை பாக்கறவங்களுக்கும் உதவும்.

15 நாளுக்குள்ள பதில் வரலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு கூப்பிட்டு புகார் பதிவு பண்ணிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயும் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி வாங்குனவன் குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், அதனால உங்க ஊருக்கு நான் அலைய வேண்டியதில்ல. பில், ஏஎம்சி பேப்பர், தகட்டோட போட்டோ, ஷெட்டு விறகு போட்டோ எல்லாம் இதோட அனுப்பியிருக்கேன்.

ஆள் அனுப்புறதா இருந்தா முந்தின நாளே போன் பண்ணுங்க, அடுப்ப அணைச்சு ஆற விட்டாதான் உள்ள பாக்க முடியும். டியூப் மூடி கழட்ட ஸ்பேனர் செட் கண்டிப்பா கொண்டு வரச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்,
மஞ்சக்குட்டை, ஏற்காடு