உகந்தையில் காட்டுக்குள் இறங்குமுன்

அன்பு மச்சான் ரவிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மாமிக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. சின்னவன் ஏ.எல். பரீட்சை எழுதப் போகிறான். மற்றப் புதினங்களை வந்தபின் கதைப்போம்.

கதிர்காமத் திருவிழாவுக்கு உகந்தை முருகன் கோயிலில் இருந்து காட்டு வழியே நடக்கப் போகிறாய் என்றதும் எனக்குச் சரியான சந்தோஷம். ஆனால் அதற்கு அடுத்த வரி? "கனடாக் காட்டில் கூடாரம் அடித்துப் படுத்தவனுக்கு நம்மூர்க் கரடி ஒரு கணக்கா?" என்று கேட்டிருக்கிறாய். பொறு மச்சான். நீ அங்கே பழகியது வேறு கரடி.

அங்கே சாப்பாட்டு மணத்துக்குக் கூடாரத்தைத் தேடி வரும், அதனால் பையை மரத்தில் உயரக் கட்டுவோம் என்று முன்பொருமுறை எழுதியிருந்தாய். நம்மூர்க் கரடிக்கு உன் பருப்பும் சோறும் தேவையில்லை. கறையான், எறும்பு, தேன், பழம், இவைதான் அதன் சாப்பாடு. அது உன்னைத் தேடி வராது, நீதான் தெரியாமல் அதன் முன்னால் போய் நிற்பாய். அதற்குக் கண்பார்வை மட்டு. புற்றை உடைத்து வாயை வைத்து உறிஞ்சத் தொடங்கினால் அந்தச் சத்தம் தூரத்துக்கே கேட்கும், உன் காலடியோ அதன் காதில் விழாது. கிட்டத்தில் திடீரென்று ஆளைக் கண்டால் பயந்துபோய் எழும்பி நின்று முகத்துக்குப் பாயும். முதுகில் குட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சாகாமத்துத் தேன் எடுக்கிற அண்ணரை உனக்கு நினைவிருக்கும். போன மாதம் கண்டேன். இடது கண் இருந்த இடத்தில் தோல் மூடிக் கிடக்கிறது. தேத்தண்ணீர் குடிக்கும்போது உதட்டை ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொள்கிறார், இல்லாவிட்டால் வழிந்துவிடும். விடியப்புறம் தனியாக, சத்தமில்லாமல் போனதுதான் காரணம் என்று அவரே சொன்னார். கரடியை ஒரு வார்த்தை ஏசவில்லை.

நீ நடக்கப் போகும் நாட்களும் பாலைப்பழக் காலமும் ஒன்றுதான். குமணை, யால காடு முழுக்கப் பழம் மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கும், கரடியும் மரத்தடியில்தான் நிற்கும். அந்தப் பழத்தில் உனக்கிருக்கிற ஆசை எனக்குத் தெரியும். மரத்தடிக்குத் தனியே போய்விடாதே. விடியலிலும் மம்மலிலும் காட்டுக்கு ஒதுங்குவதென்றாலும் ரெண்டு பேராகப் போ, கதைத்துக்கொண்டே போ. கூட்டத்தோடு "அரோகரா" சொல்லி நட. அந்தச் சத்தம் கேட்டாலே அது விலகிவிடும். கூட்டத்தை விட்டு முன்னுக்கு ஓடுகிற வேலை வேண்டாம். வழியில் ஏதாவது நாய் கூட வந்தால் அதைக் காட்டுக்குள் கூட்டிப் போகாதே, நாய் கரடியைச் சீண்டிவிட்டு உன்னிடம்தான் ஓடிவரும்.

கரடி உன்னைக் காணாமல் இருந்தால் சத்தமின்றி வந்த வழியே திரும்பு. கண்டுவிட்டால் ஓடாதே, மெல்லப் பின்வாங்கு. ஓட்டத்தில் அதை வெல்ல முடியாது, மரத்தில் ஏறினால் அதுவும் ஏறும். பாய்ந்துவிட்டால் முகம் நிலத்தில் படக் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொள். முதுகுப் பை முதுகிலேயே கிடக்கட்டும். நீ பெருமையாக எழுதிய கரடி ஸ்பிரேயை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அதை நம்பி வராதே.

இன்னொன்று. கூட்டத்தில் யாராவது கல் எடுத்தால் தடுத்துவிடு. இலங்கையில் இந்தக் கரடி இருப்பதே 1000-க்கும் குறைவு என்கிறார்கள். பயத்திலேயே எத்தனையைச் சுட்டுத் தள்ளிவிட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை மச்சான்.

நானும் வருகிறேன், தனியே விட மனமில்லை. எந்தத் திகதி வந்து இறங்குகிறாய் என்று உடனே எழுது, லீவு போட வேண்டும். மாமியோடு கதைக்கும்போது கரடிப் பேச்சை எடுக்காதே, பிறகு ரெண்டு பேரையும் வாசல் தாண்ட விடமாட்டா.

அன்புடன்,
சிவா