14 மாசம் எங்கப்பா எங்க இருந்தாருன்னு ரெக்கார்டுல இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 மே மாசம் டெரிடோரியல் ஆர்மியைக் கூப்பிட்டுக்கலாம்னு ராணுவத் தளபதிக்கு அதிகாரம் குடுத்து மத்திய அரசு ஆர்டர் போட்டுச்சு இல்லையா, மொத்தம் இருக்கற 32 இன்ஃபன்ட்ரி பட்டாலியன்ல 14 பட்டாலியனை எம்பாடி பண்றதா, அதாவது முழுநேரப் பணிக்குக் கூப்பிட்டுக்கறதா நியூஸ் வந்துச்சே, அந்தப் பக்கத்தை, அதே படைல சிப்பாயா இருந்த எங்கப்பா உங்க பேப்பர்லேர்ந்து வெட்டி எடுத்து வச்சிருக்காரு. அதைப் பாக்கும்போதெல்லாம் உங்களுக்கு ஒரு லெட்டர் எழுதணும்னு தோணும், இப்பதான் உக்காந்து எழுதறேன்.

நம்ம ஊர்ல டெரிடோரியல் ஆர்மின்னு சொன்னா தோனி இருக்காரே அதுவான்னு கேக்கறாங்க. ஆமா, அதான். 2011ல அவருக்கு கவுரவ லெப்டினன்ட் கர்னல் பதவி குடுத்தாங்க, 2019ல காஷ்மீர்ல போய் யூனிட்டோட இருந்துட்டு வந்தாரு, அதனால பேராவது நாலு பேருக்குத் தெரியுது. 1949 அக்டோபர் 9ம் தேதி ராஜாஜி கவர்னர் ஜெனரலா இருக்கும்போது தொடங்கி வச்ச படை இது. ஊர்ல ஒரு வேலைல இருந்துக்கிட்டே வருஷா வருஷம் கேம்ப் போய் ட்ரெய்னிங் எடுக்கணும், நாட்டுக்குத் தேவைன்னா கூப்பிடுவாங்க, உடனே கிளம்பணும். அப்படிக் கூப்பிட்டு யூனிஃபார்ம்ல வச்சிருக்கற காலத்துக்குப் பேருதான் எம்பாடி சர்வீஸ், பென்ஷனுக்கு அது மட்டும்தான் கணக்கு. சிப்பாய்க்கு விட்டு விட்டு செஞ்சதெல்லாம் கூட்டி 15 வருஷம் வரணும்.

எங்கப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில ஃபிட்டர். 1985ல டெரிடோரியல் ஆர்மில சேந்தாரு, 2003ல வெளிய வந்தாரு. எம்பாடி ஆன காலமெல்லாம் கூட்டினா 15 வருஷம் 3 மாசம் வருது. ஆனா ரெக்கார்டுல 14 வருஷம் 1 மாசம்தான் இருக்கு. நடுவுல 1994 ஆகஸ்ட் கடைசிலேர்ந்து 1995 அக்டோபர் கடைசி வரைக்கும் அவரு ஜம்மு காஷ்மீர்ல வேற ஒரு யூனிட்டோட அட்டாச்மென்ட்ல, அதாவது தற்காலிகமா அங்க சேத்து விட்டு இருந்தாரு, அந்த 14 மாசம் அப்படியே காணோம். அந்த 14 மாசம் இல்லாததால பென்ஷன் கிடையாது, பென்ஷன் இல்லாததால முன்னாள் படைவீரர்ங்கற கார்டும் கிடையாது, ஏன்னா டெரிடோரியல் ஆர்மில பென்ஷன் வாங்கறவங்க, பணியால ஊனமானவங்க, வீரதீர மெடல் வாங்கினவங்க இவங்களைத்தான் முன்னாள் படைவீரர் கணக்குல சேப்பாங்க.

எப்படிக் காணாம போச்சுன்னு புரிஞ்சுக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. ராணுவத்துல ஒருத்தரு சேந்தாலும் லீவு போனாலும் கல்யாணம் ஆனாலும் புள்ள பொறந்தாலும் யூனிட் ஆபீஸ்ல பார்ட் டூ ஆர்டர்னு ஒண்ணு போடுவாங்க, அது ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய் அங்க இருக்கற ஷீட் ரோல்ல, அதாவது அவரோட சர்வீஸ் பதிவேட்டுல ஏறணும். எம்பாடி ஆன தேதி, திரும்ப அனுப்பின தேதி எல்லாம் இப்படித்தான் ஏறும். அப்பா அட்டாச்மென்ட்ல இருந்தப்போ அவரோட சொந்த யூனிட், போன இடத்து யூனிட் போடும்னு விட்டுட்டாங்க, போன இடத்துல சொந்த யூனிட் போடும்னு விட்டுட்டாங்கன்னு நினைக்கறேன், ஏன்னா ஆர்டிஐல 10 ரூபா போஸ்டல் ஆர்டர் வச்சு ஷீட் ரோல் காப்பி வாங்கிப் பாத்தேன், அதுல 1994 ஜூலைக்கு அடுத்த வரி 1995 நவம்பர்ல ஆரம்பிக்குது. நடுவுல ஒரு கோடு கூட இல்ல.

ரெக்கார்ட் ஆபீஸுக்கு லெட்டர் போட்டோம். அந்த பார்ட் டூ ஆர்டர் எங்ககிட்ட இல்ல, நீங்க காப்பி அனுப்புங்கன்னு பதில் வந்துச்சு. யூனிட்டுக்கு எழுதினோம், பழசெல்லாம் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பியாச்சுன்னு சொன்னாங்க. மறுபடி ரெக்கார்ட் ஆபீஸ், மறுபடி அதே பதில். எந்த ஆபீஸ்னு நான் இங்க எழுதல, அங்க இப்ப சீட்ல இருக்கறவங்க இந்தத் தப்பைப் பண்ணல, 30 வருஷம் முன்னாடி நடந்தது. ஆனா ஒண்ணு கேக்கறேன், சிப்பாய் கையில ஒருநாளும் குடுக்காத காகிதத்தை இப்ப அவரையே கொண்டாங்கன்னா அவரு எங்க போவாரு?

எங்ககிட்ட என்ன இருக்குன்னு சொல்றேன். எங்க வீடு ஜாஃபர்கான்பேட்டைல, 2015 டிசம்பர் வெள்ளத்துல அடையாறு தண்ணி கழுத்தளவு உள்ள வந்துச்சு. படைலேர்ந்து வெளிய வரும்போது குடுத்த டிஸ்சார்ஜ் புக் பீரோ கீழ்த்தட்டுல இருந்து நனைஞ்சு இங்க் கலைஞ்சு பாதிப் பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. ஆனா அப்பா எழுதின லெட்டரையெல்லாம் அம்மா பரண் மேல ட்ரங்குப் பெட்டில வச்சிருந்தாங்க, அது தப்பிச்சுது. போன பொங்கல் லீவுல அம்மா பாய் போட்டு அத்தனையும் மாசவாரியா அடுக்கினாங்க, நான் லென்ஸ் வச்சு சீல் படிச்சேன். எல்லாத்துலயும் அனுப்புனர் இடத்துல அப்பா நம்பர், பேரு, கீழ 56 ஏபிஓங்கற ராணுவத் தபால் முகவரி. ஃபீல்ட் போஸ்ட் ஆபீஸ்னு சொல்ற ராணுவத் தபால் ஆபீஸோட வட்ட சீல், நடுவுல தேதி. செப்டம்பர் 94, அக்டோபர், நவம்பர், ஒரு மாசம் கூட விடல, சில மாசத்துல மூணு நாலு. கூடவே மணியார்டர் துண்டு 11. ஒண்ணுல எழுதியிருக்காரு, பாப்பாவுக்கு ஸ்கூல் ஷூ வாங்கிடு, மிச்சத்தை வாடகைக்கு வை, இங்க பனி ஆரம்பிச்சிருச்சுன்னு. அந்தப் பாப்பா நான்தான், அப்போ ரெண்டாங்கிளாஸ்.

இன்னொண்ணும் இருக்கு. கம்பெனி மஸ்டர் ரோல்ல, அதாவது வருகைப் பதிவேட்டுல அந்த 14 மாசமும் அப்பா பேருக்கு நேரா ராணுவப் பணின்னு எழுதி மேனேஜர் கையெழுத்து போட்டிருக்காரு. டெரிடோரியல் ஆர்மி சட்டப்படி கூப்பிட்டுப் போனவரைத் திரும்ப வேலைல எடுத்துக்கணும், அதுக்காக அவங்க கணக்கு வச்சிருந்தாங்க. கம்பெனியை மூடும்போது பழைய சூப்பர்வைசர் ஒருத்தர் அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து அப்பாகிட்ட குடுத்தாரு, அவருக்கு நாங்க காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கோம். போஸ்ட் ஆபீஸ் சீலும் மஸ்டர் ரோலும் தேதிக்குத் தேதி ஒத்துப்போகுது. ரெண்டையும் சேத்து அனுப்பியும் பார்ட் டூ ஆர்டர் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாங்க.

தெரிஞ்சவங்க சிலர் நல்லதுக்குத்தான் சொன்னாங்க, 15 வருஷத்துக்கு 11 மாசம்தானே குறையுது, கண்டோனேஷன் கேட்டு எழுதுங்க, குறையை மன்னிச்சு பென்ஷன் போடச் சொல்லலாம்னு. அப்பா ஒத்துக்கல. நான் குறைக்கல, நான் ஏன் மன்னிப்பு கேக்கணும், நான் இருந்தேன்னு எழுதச் சொல்லுன்னாரு. அவரு அதிகம் பேச மாட்டாரு, அன்னிக்கு அவ்ளோதான் பேசினாரு. எனக்கும் அதுதான் சரின்னு படுது.

இப்ப எனக்கு இருக்கற பெரிய பயம் வேற. பென்ஷன் இல்லாம வெளிய வந்த சிப்பாயோட சர்வீஸ் டாக்குமென்ட்டை 25 வருஷம்தான் வச்சிருப்பாங்க, அப்புறம் அழிச்சிடலாம்னு ராணுவ ரெகுலேஷன்லயே இருக்கு. அப்பா வெளிய வந்தது 2003, அப்படின்னா 2028. ரெக்கார்டுல தப்பு இருக்கறதாலதான் அவரு பென்ஷன் இல்லாதவரு ஆனாரு, பென்ஷன் இல்லாதவரா ஆனதால அந்த ரெக்கார்டே அழியப் போகுது, அது போச்சுன்னா திருத்தறதுக்குக் கூட ஒண்ணும் மிஞ்சாது. ட்ரிப்யூனல் இருக்கே, ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தோட பெஞ்ச் நம்ம சென்னைலயே இருக்கேன்னு கேப்பீங்க. போகத்தான் போறோம், வக்கீலைப் பாத்தாச்சு. பென்ஷன் கேஸ்ல லேட்டா வந்தாலும் எடுத்துப்பாங்க, ஆனா பொதுவா கேஸ் போட்டதுக்கு முன்னாடி மூணு வருஷ பாக்கிதான் கிடைக்கும்னு சுப்ரீம் கோர்ட் 2008லயே சொல்லியிருக்குன்னு அவரு சொன்னாரு. போனது போகட்டும், காசுக்காக மட்டும் இல்ல இது.

பாதுகாப்பு அமைச்சகத்துக்கு உங்க பேப்பர் வழியா நான் கேக்கறது இதுதான். திருத்தம் கேட்டு மனு நிலுவைல இருக்கறவங்க ஃபைலை 25 வருஷம் ஆச்சுன்னு அழிக்காதீங்க. பார்ட் டூ ஆர்டர் கிடைக்கலன்னா ஃபீல்ட் போஸ்ட் ஆபீஸ் சீல், வேலை செஞ்ச இடத்து ரிஜிஸ்டர், அட்டாச்மென்ட் குடுத்த யூனிட்டோட சம்பளக் கணக்கு இதையெல்லாம் ஆதாரமா எடுத்துக்கோங்க, அதைத் தேடற வேலையை ஆபீஸே செய்யணும், 62 வயசு ஆளை அலைய விடக்கூடாது. அப்புறம் இப்ப எம்பாடி ஆகற பசங்களை, திருப்பி அனுப்பற அன்னிக்கே எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும் இருந்தாங்கன்னு கையெழுத்து போட்டு ஒரு தாள் கையில குடுத்து அனுப்புங்க, மொத்தம் எத்தனை நாள் சேந்திருக்குன்னு அதுலயே இருக்கட்டும். ஒரு தாள்தான். எங்கப்பா கையில அது இருந்திருந்தா நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பேரு தப்பா இருக்கறவங்க கதை தனி. நம்ம இனிஷியலை அங்க கிளார்க் ஊர் பேரா விரிச்சு எழுதிடறாரு, ஆதார்ல அப்பா பேரா விரியுது, வீட்டம்மா பேரு செல்வின்னு இருந்தா அது பேரே இல்ல, கல்யாணமாகாத பொண்ணுக்குப் போடற அடைமொழின்னு நினைச்சு விட்டுடறாங்க. புருஷன் போனப்புறம் ஃபேமிலி பென்ஷனுக்கு அந்தம்மா அஃபிடவிட்டோட அலையறாங்க. வீட்ல ராணுவத்துல இருந்தவங்க இருந்தா அவரு இருக்கும்போதே ஒருதடவை எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாத்துடுங்க.

கடைசியா ஒண்ணு. அந்த அட்டாச்மென்ட்ல அப்பா ஒருத்தர் மட்டும் போகல, தமிழ்நாட்டுப் பசங்க இன்னும் சிலரும் கூடப் போனாங்கன்னு சொல்றாரு, வடசென்னைல ரெண்டு பேர், செங்கல்பட்டு பக்கம் ஒருத்தர், யாரோடயும் இப்ப தொடர்பு இல்ல. நீங்க இதைப் படிச்சா உங்க டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து 1994, 1995க்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. உங்களுக்கும் அது காலியா இருந்தா இந்தப் பேப்பர் ஆபீஸுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க, என் அட்ரஸ் ஆசிரியர்கிட்ட குடுத்திருக்கேன். எங்க வீட்டு ட்ரங்குப் பெட்டில இருக்கற லெட்டர்ல உங்க பேரும் இருக்கலாம், கூட இருந்தவங்களைப் பத்தி அப்பா அம்மாவுக்கு நிறைய எழுதியிருக்காரு.

இப்படிக்கு,
ஒரு டெரிடோரியல் ஆர்மி சிப்பாயோட மகள்,
ஜாஃபர்கான்பேட்டை, சென்னை - 83