வழிகாட்டி விடைபெற்ற பிறகு

அன்புள்ள அம்முவுக்கு,

மாநாடு முடிந்ததும் வெள்ளிக்கிழமை இரவு டோக்கியோவில், ஷின்ஜுகு பார்களை வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கும் குழுவில் சேரலாமா என்று கேட்டிருந்தாய். அம்மா என்ன நினைப்பாளோ என்ற தயக்கம் அந்தக் கேள்வியில் தெரிந்தது. அதை முதலில் தீர்த்துவிடுகிறேன். போய் வா. அந்த ஊரில் வேலை பார்த்தவள் நான். ஷின்ஜுகுவை இரவில் பார்க்காமல் திரும்பினால் டோக்கியோவைப் பாதிதான் பார்த்ததாக ஆகும். குடிப்பாயா மாட்டாயா என்று கேட்க மாட்டேன், அது உன் முடிவு. வழிகாட்டி கூடவே இருக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. அவர் விடைபெற்றுப் போனபின் வருகிற அந்த ஒரு மணி நேரம்தான் என் கவலை. அதற்கு வருகிறேன். அதற்குள் நல்லதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கே மனசு ஆறாது.

கோல்டன் காய்க்குக் கட்டாயம் கூட்டிப் போகிற குழுவாகப் பார்த்துச் சேர். ஹனஸோனோ கோயிலை ஒட்டி ஆறு சின்னச் சந்துகள். அவற்றுக்குள் 200-க்கும் மேற்பட்ட குட்டி பார்கள். ஒருவர் நடந்தால் எதிரே வருபவர் ஒதுங்க வேண்டும், அவ்வளவு குறுகல். பல கடைகளில் ஆறு பேர், எட்டுப் பேர் உட்கார்ந்தால் இடம் நிரம்பிவிடும். கதவு சாத்தியிருக்கும், ஜன்னல் இருக்காது, உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது. தெரிந்தவர் அழைத்து வந்தால்தான் புதியவரைச் சேர்க்கும் கடைகளும் உண்டு. தனியாகப் போனால் எந்தக் கதவைத் தள்ளுவது என்றே புரியாமல் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவாய். வழிகாட்டிக்குக் கொடுக்கிற பணம் இதற்குத்தான். அவர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசி, "நான்கு பேர், வரலாமா?" என்று கேட்பார். அந்த இரண்டு வார்த்தையை நாம் எத்தனை புத்தகம் படித்தாலும் பேச முடியாது.

அந்த இடத்தின் பழங்கதையையும் கேட்டுத் தெரிந்துகொள். போர் முடிந்த காலத்தில் கள்ளச்சந்தைக் கடைகள், பிறகு அனுமதியில்லாத விபச்சார விடுதிகள். விபச்சாரத்தைத் தடை செய்யும் சட்டம் 1958-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின்தான் அந்த வீடுகள் பார்களாக மாறின. எழுத்தாளர்கள், நாடகக்காரர்கள், சினிமாக்காரர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு கடை. 1980-களில் டோக்கியோவில் நிலத்தின் விலை தாறுமாறாக ஏறியபோது அந்தச் சந்துகளை இடித்துக் கட்டடங்கள் எழுப்பப் பலர் துடித்தார்கள். தீ வைப்புகள்கூட நடந்தன. கடைக்காரர்கள் முறைபோட்டு இரவில் காவல் இருந்து இடத்தைக் காப்பாற்றினார்கள். சுற்றிலும் முப்பது நாற்பது மாடிக் கட்டடங்கள் நிற்க, நடுவில் இந்த மரக்கட்டடங்கள் மட்டும் இன்னும் நிற்பது தற்செயல் இல்லை. நல்ல வழிகாட்டி இதையெல்லாம் சொல்வார். இதைச் சொல்லாமல் கோப்பையை நிரப்புவதிலேயே குறியாக இருப்பவர் உனக்கு வேண்டாம்.

இதனால்தான் குழுவின் அளவைப் பார்க்கச் சொல்கிறேன். இருபது முப்பது பேரைச் சேர்த்துக்கொண்டு, வரிசையாகப் பெரிய பார்களுக்கு ஓட்டிப் போகிற சுற்றுலாக்களும் அங்கே உண்டு. எட்டு நாற்காலிக் கடைக்குள் அவர்கள் எப்படி நுழைய முடியும்? வெளிநாட்டவர் மட்டுமே கூடுகிற இடத்துக்கு வெளிநாட்டவரையே அழைத்துப் போவார்கள். அங்கே தோழமை கிடைக்கும், டோக்கியோ கிடைக்காது. ஆறேழு பேருக்கு மேல் சேர்க்காத குழுவாகப் பார். கூடுதலாகப் பணம் ஆனாலும் அப்பாவிடம் கேள், நான் சொல்லிவிட்டேன்.

வழிகாட்டி யார் என்பதையும் விசாரி. ஜப்பானில் வழிகாட்டிகளுக்கு 1949-இலிருந்தே தேர்வும் உரிமமும் உண்டு. முன்பு உரிமம் இல்லாமல் பணம் வாங்கிக்கொண்டு வழிகாட்ட முடியாது. 2018 ஜனவரியில் சட்டத்தை மாற்றி யாரும் செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். உரிமம் இல்லாதவர் மோசம் என்று சொல்ல மாட்டேன். பார் உலகத்தை அறிந்த அருமையான இளைஞர்கள் பலர் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் உரிமம் இல்லாதபோது மற்றவர்கள் எழுதிய விமர்சனங்கள்தான் சான்று. அவற்றில் மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதைப் படி. ஐந்து போட்டவர் ஆகா என்பார், ஒன்று போட்டவர் கோபத்தில் இருப்பார். மூன்று போட்டவர்தான் என்ன நடந்தது என்று எழுதுவார்.

கட்டணத்தில் எதெல்லாம் சேரும் என்று முன்பே கேட்டு வை. எத்தனை கோப்பை, சாப்பாடு உண்டா, உட்காரும் கட்டணம் சேருமா? இந்த உட்காரும் கட்டணம் நிறையப் பேரைக் குழப்புகிறது. உட்கார்ந்ததும் கேட்காமலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது கொண்டுவந்து வைப்பார்கள், பில்லில் அதற்கு ஒரு தொகை ஏறும். ஒடோஷி என்பார்கள். அது ஏமாற்று இல்லை, அந்த ஊர் வழக்கம். குட்டி பாரில் எட்டு நாற்காலியை வைத்துக்கொண்டு வாடகை கட்ட வேண்டாமா? டிப்ஸ் மட்டும் வைக்காதே. மேசையில் விட்டுவந்தால் மறந்துவிட்டாய் என்று நினைத்துத் தெருவரை ஓடிவந்து கொடுப்பார்கள். பழைய கடைகளில் கார்டு செல்லாமல் போகலாம், கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள். படம் எடுக்கும் முன் கேள். உள்ளே இருப்பவர்கள் தங்கள் ஊரில் தங்கள் மாலையைக் கழிக்க வந்தவர்கள், காட்சிப்பொருள் இல்லை.

குடிக்க வேண்டாமென்று தோன்றினால் ஊலாங் தேநீர் கேள். அங்கே அது சாதாரணம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தேநீர்க் கோப்பையைத் தூக்கியே எல்லோரோடும் 'கன்பாய்' சொல்லலாம். குடிக்கிறவர்களுக்கு என் ஒரே எச்சரிக்கை நோமிஹோதாய். குறித்த நேரத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்கிற ஏற்பாடு அது. கொடுத்த பணத்துக்கு ஈடாகக் குடிக்க வேண்டுமென்று நினைப்பவர்கள்தான் அதில் விழுகிறார்கள்.

உனக்குப் புகை ஆகாது என்பதால் இன்னொன்று. 2020 ஏப்ரலில் உணவகங்களுக்குள் புகைப்பதைக் கட்டுப்படுத்தினார்கள் என்றாலும், ஊழியர் யாரும் இல்லாமல் உரிமையாளரே நடத்துகிற சின்னக் கடைகளில் விதிவிலக்கு உண்டு. கோல்டன் காயில் அப்படிப்பட்ட கடைகள்தான் அதிகம். பதிவு செய்யும்போதே சொல்லிவிடு, புகையில்லாத கடையாக ஏற்பாடு செய்வார்கள். இன்ஹேலரைப் பையில் போட மறக்காதே. மாடிப்படிகள் மிகச் செங்குத்து, தட்டையான செருப்பே போட்டுக்கொள்.

இனி அந்த ஒரு மணி நேரம்.

சுற்றுலா ஒன்பது, பத்து மணிக்கு முடியும். அதற்குள் முன்பின் தெரியாத ஏழு பேரும் நெடுநாள் நண்பர்கள்போல் ஆகியிருப்பீர்கள். வழிகாட்டி நன்றி சொல்லிக் கிளம்புவார். அப்போது யாராவது, "இன்னும் ஒரே ஒரு இடம்" என்பார். அந்தக் கணத்தில் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் போய்விட்டார், ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் எல்லோருக்கும் மிச்சமிருக்கும். அதுதான் ஆபத்து. நீங்கள் நிற்கும் இடமோ கபுகிச்சோவின் வாசல். போருக்குப் பின் அங்கே கபுகி என்கிற பழைய நாடக வகைக்கு ஓர் அரங்கு கட்டப்போவதாகச் சொல்லிப் பெயர் வைத்தார்கள், அரங்கு வரவே இல்லை, கேளிக்கைக் கடைகள் வந்தன. நல்ல உணவகங்களும் திரையரங்குகளும் இருக்கிற தெருக்கள்தான், நடந்து போக பயப்படத் தேவையில்லை. ஆனால் தெருவில் நின்று ஆள் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணியமாக உடுத்தி, உன் மொழியிலேயே சிரித்துப் பேசி, "மூவாயிரம் யென், எல்லாம் சேர்த்து" என்பார்கள். உள்ளே போய் உட்கார்ந்தால் பில் பல்லாயிரக்கணக்கில் வரும், வாசலில் இரண்டு பேர் நிற்பார்கள். இப்படி ஆள் பிடிப்பதே டோக்கியோவில் சட்டப்படி குற்றம். அவர்களை நம்பிப் போகாதீர்கள் என்று அந்தத் தெருவிலேயே ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப அறிவிக்கிறார்கள். அறிவிப்பு ஒலிக்கும்போதே அதன் கீழே நின்று அழைப்பார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். கபுகிச்சோவிலும், டோக்கியோவின் இன்னொரு கேளிக்கைப் பகுதியான ரோப்போங்கியிலும் பானத்தில் மயக்க மருந்து கலந்து கார்டைத் தேய்த்துவிடுவதாக அமெரிக்கத் தூதரகம் தன் மக்களுக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது.

ஆகவே, தெருவில் நின்று அழைக்கிற யாரோடும் எந்தக் கடைக்கும் போகாதே. அவர் எந்த நாட்டவராக இருந்தாலும், எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும். பதில்கூடச் சொல்ல வேண்டாம், நடையை நிறுத்தாதே. குழுவில் இருப்பவர்கள் போனால் போகட்டும், அவர்களைத் திருத்துவது உன் வேலை இல்லை. இன்னொரு இடத்துக்குப் போக ஆசையாக இருந்தால், சுற்றுலாவில் வழிகாட்டி கூட்டிப்போன கடைக்கே திரும்பிப் போ. இதை நான் மனதாரச் சொல்கிறேன். ஒருமுறை அறிமுகமாகிவிட்டால் கடைக்காரர் உன்னை மறக்க மாட்டார். கவுண்டரில் அவருக்கு நேர் எதிரே உட்கார். அந்த ஊரில் பெண் தனியாகப் போய்க் கவுண்டரில் உட்காருவது யாரும் திரும்பிப் பார்க்கிற விஷயம் இல்லை. நான் வேலை முடிந்து அப்படி ஒரு கடைக்குப் போவதுண்டு. அதை நடத்தியவர் ஒரு வயதான பெண்மணி, அதிகம் பேச மாட்டார். புதிதாக வந்த யாராவது என் பக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்தால், பேச்சே இல்லாமல் என் கோப்பையை எடுத்து நான்கு நாற்காலி தள்ளி வைத்துவிடுவார். நான் எழுந்து அங்கே போய்விடுவேன். அந்த மாதிரிக் கண்பார்வையில் இருப்பதைவிடப் பாதுகாப்பு வேறு எது?

கோப்பையைக் கண்ணைவிட்டு விலகவிடாதே. கழிவறைக்குப் போய் வந்தால் வேறு வாங்கிக்கொள். குடித்த அளவுக்குப் பொருந்தாத மயக்கம் வந்தால் கூச்சப்படாமல் கடைக்காரரிடம் சொல். ஆம்புலன்ஸுக்கு 119, அங்கே அதற்குக் கட்டணம் இல்லை. போலீசுக்கு 110. ஷின்ஜுகு நிலையத்தின் கிழக்கு வாசலிலும் கபுகிச்சோவிலும் கோபான் என்கிற காவல் சாவடிகள் உண்டு, வழி கேட்கக்கூடத் தயங்காமல் போகலாம்.

பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போ என்று எல்லோரும் சொல்வார்கள். ஜப்பானில் அது சரியில்லை. குறுகிய காலம் வந்தவர்கள் அசலைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், இல்லாவிட்டால் 1,00,000 யென் வரை அபராதம். நடனக் கிளப் வாசலில் இருபது வயது ஆனதா என்று பார்க்கவும் அதைத்தான் கேட்பார்கள். உள்பக்கம் ஜிப் வைத்த பையில் வை. இந்தியத் தூதரகம் குடான்ஷிதா நிலையத்தின் பக்கத்தில், அதன் தொலைபேசி எண்ணைப் போனிலும் ஒரு தாளிலும் எழுதி வை.

கிளம்பும் நேரத்தை மாலையிலேயே முடிவு செய்துவிடு. ரயில்கள் நள்ளிரவை ஒட்டி, போனால் ஒரு மணிக்குள் நின்றுவிடும். பிறகு காலை ஐந்து மணி வாக்கில்தான் ஓடும். கடைசி ரயிலைத் தவறவிட்டவர்களைக் குறிவைத்துத்தான் தெருவில் ஆள் பிடிப்பவர்கள் நிற்கிறார்கள். உன் ஹோட்டல் உயெனோவில், யமனோதே வழியில் நேர் ரயில், சுமார் இருபத்தைந்து நிமிடம். பதினொரு மணிக்குக் கிளம்பு. தாமதமானால் டாக்ஸி எடு. இரவு பத்திலிருந்து ஐந்து வரை இருபது சதவீதம் கூடுதல், போனால் போகிறது. ஹோட்டல் முகவரியை ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட அட்டையை ஓட்டுநரிடம் காட்டு. வாடகை சைக்கிள் கண்ணில் படும், ஒரு கோப்பை குடித்திருந்தாலும் தொடாதே. 2024 நவம்பரிலிருந்து சைக்கிளுக்கும் தண்டனை கடுமை, மூன்று ஆண்டு சிறை வரை போகலாம்.

எந்தக் குழு என்று முடிவானதும் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் எனக்கு அனுப்பு. ஷின்ஜுகு நிலையத்துக்கு 200-க்கும் மேற்பட்ட வாசல்கள், "நிலையத்துக்கு வெளியே" என்று மட்டும் சொன்னால் படம் அனுப்பச் சொல்லிக் கேள். அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டதும் ஒரு வரி போடு. அங்கே பதினொன்றரை என்றால் இங்கே எட்டு மணிதான். எந்தக் கடைக்குப் போனாய், கவுண்டருக்குப் பின்னால் யார் நின்றார்கள், என்ன பேசினார்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்றுவிடாமல் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா