அக்காவுக்கு, அணைந்த அடுப்பைப் பற்றி

அக்கா,

அம்மாவின் தலைத்திவசத்துக்கு இன்னும் ஒன்பது நாள். வீட்டுப் பத்திரத்தைப் பற்றிப் போனில் பேசினால் சண்டையில்தான் முடியும், அதனால் எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். ஆகவே அந்த ஆடி மாதத்து விஷயத்தை இங்கே எழுதவில்லை. உனக்குத் தெரியும், போதும்.

போன மாதம் வேலையாக ரோமுக்குப் போயிருந்தேன். அங்கே வெஸ்டாவுக்கு ஒரு வட்டக் கோயில் இருந்திருக்கிறது. இப்போது 1930 வாக்கில் எடுத்து நிறுத்திய சில தூண்களும் வளைந்த சுவர்த் துண்டும்தான் மிச்சம். வெஸ்டா அடுப்பு நெருப்பின் தெய்வம். உள்ளே அவளுக்குச் சிலை கிடையாது. எரிகிற நெருப்புதான் அவள். ஆறு பெண்கள் அதை அணையாமல் காத்தார்கள். ஆறிலிருந்து பத்து வயதுக்குள் வீட்டிலிருந்து கூட்டிவந்துவிடுவார்கள். கற்றுக்கொள்ள 10 ஆண்டு, செய்ய 10, சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க 10. அதுவரை கல்யாணம் கிடையாது. நெருப்பு அணைந்தால் தலைமைப் பூசாரி சாட்டையால் அடிப்பார்.

சாட்டை என்றதும் நம் அடுக்களை ஞாபகம் வந்துவிட்டது.

நல்ல மழை. நீ அடுப்புக் கங்குகளைச் சாம்பலுக்குள் மூடிவைத்துவிட்டுப் படுத்துவிட்டாய். நான் எழுந்துபோய்ச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சொருகினேன். ஓரத்தில் கிடந்த சுள்ளி பற்றிக்கொண்டதும் பயந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். காலையில் அடுப்பு முழுக்கச் சேறு. தீப்பெட்டியும் நமுத்திருந்தது. அம்மா ஊதுகுழலை எடுத்தாள். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். "நான்தாம்மா தண்ணி கொட்டிட்டேன்." உனக்குப் பன்னிரண்டு வயது. அடி வாங்கிய அதே கையில் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு, மழையில் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கங்கு வாங்கிவந்தாய்.

நான் வாயே திறக்கவில்லை. எட்டு வயதுப் பையனுக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சரி, இருபது வயதில்? முப்பதில்? இனி சொல்ல அம்மா இல்லை.

ரோமில் நெருப்பைக் காத்த அந்தப் பெண்களில் எமிலியா என்று ஒருத்தி, அதைப் புதிதாக வந்த சின்னப் பெண்ணிடம் விட்டிருந்தாள். அது அணைந்துபோய், பழி எமிலியா மேல் வந்தது. அவள் வெஸ்டாவை வேண்டி, தன் ஆடையில் ஒரு துண்டைக் கிழித்து ஆறிய சாம்பலில் போட்டாள். தீ குபீரென்று எழுந்ததாம். கதையில் அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. அவள் நான்தான், அக்கா.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 30 ஆண்டு முடிந்தால் அந்தப் பெண்களுக்குக்கூட விடுதலை உண்டு, கல்யாணமும் செய்துகொள்ளலாம். உன்னை யார் கட்டிப்போட்டது? நான் அனுப்பிய காஸ் அடுப்பை நீ பெட்டியைவிட்டே எடுக்கவில்லை. கிரேக்கர்களின் அடுப்புத் தெய்வம் ஹெஸ்தியா. புது ஊர் அமைக்கக் கடல் தாண்டிப் போகிறவர்கள் தாய்நகரத்தில் அவளுக்கு எரியும் தீயிலிருந்து கொஞ்சம் எடுத்துப் போவார்களாம். நான் கிளம்பிய அன்று நீ வாசல்வரைகூட வரவில்லை.

விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறேன். வீடு உன்னுடையது. தம்பி விட்டுக்கொடுத்தான் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

திவசத்துக்கு முந்தின ராத்திரி வந்துவிடுவேன். அன்றைக்குக் கங்குகளை நான் மூடுகிறேன். எப்படி என்று பக்கத்தில் இருந்து சொல்லு.

தம்பி